கரையூர் இரவுக்கு ஒரு கமரா

யாழ்ப்பாணத்துக் கடைவீதிகள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் அதற்கு முன்பே கதவை இறக்கிவிடும். நகருக்குள் சந்தடி குறையக் குறைய, தெற்கே கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கும் குருநகர் விழித்துக்கொள்ளும். பின்னேரமே வலையோடு போன வள்ளங்கள் நீரேரியில் ஆங்காங்கே ஒற்றை வெளிச்சமாக நிற்கும். கடலுக்குப் போகாதவர்கள் ஒழுங்கை முகப்பில் இருந்து வலை பொத்துவார்கள். விடியப்புறம் இறங்குதுறையில் மீன் கூறும் சத்தம் கேட்கத் தொடங்கும். சைக்கிளில் பெட்டி கட்டியவர்களும் கடகத்தோடு வந்த பெண்களும் இறால், நண்டு, ஓரா, விளைமீன் என்று பிரித்துக் குவித்த கூறுகளைச் சுற்றி நிற்பார்கள். பக்கத்துத் தேநீர்க் கடையில் அடுப்பு அணைவதே இல்லை.

இரவு வாழ்க்கை என்றதும் மதுச்சாலை, நடனக்கூடம், மின்னும் விளம்பரப் பலகை என்றே மனம் ஓடுகிறது. உலகப் புகழ்பெற்ற இரவுத் தெருப் படங்கள் பலவும் அப்படிப்பட்ட இடங்களில் எடுக்கப்பட்டவைதான். பாரிஸின் மதுக்கடைகள், ஹம்பேர்க்கின் துறைமுகத் தெரு, டோக்கியோவின் கபுகிச்சோ, மும்பையின் ஃபோக்லண்ட் வீதி என்று அந்த வரிசை நீளும். குருநகரையும் அதில் சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கக் கண்விழித்து, பாடி, ஆடி, பேரம் பேசி, கூழ் குடித்து, சண்டை பிடித்துச் சமாதானமாகி விடியலைப் பார்க்கிற பழக்கம் யாழ்ப்பாண நகரத்துக்குள் எங்காவது வேரோடியிருக்கிறது என்றால் அது இந்தக் கரையில்தான். இந்த இரவை எப்படிப் படம் பிடிப்பது, பிடித்த படத்தை யார் கையில் சேர்ப்பது என்ற இரண்டு கேள்விகளும் அதனால் முக்கியமாகின்றன. இரண்டாவது கேள்விதான் கூடுதல் கனமானது.

கரையூர் என்பது ஊரின் பழைய பெயர். மேற்கே கோட்டையும் பண்ணைப் பாலமும். கிழக்கே பாஷையூர், அதையும் தாண்டினால் கொழும்புத்துறை. நீரேரிக்கு அப்பால் மண்டைதீவு. ஊரின் நடுவே புனித யாகப்பர் ஆலயம். கடற்கரைக்கு அருகே, பனைக்கும் தென்னைக்கும் மேலே தலையை நீட்டும் தொடர்மாடிக் குடியிருப்பு. நோர்வேயின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் வலைத் தொழிற்சாலை அமைந்ததும் இங்கேதான். நெருக்கமான வீடுகள், மூலைக்கு மூலை சிற்றாலயங்கள், சுருவங்களுக்கு முன் எரியும் மெழுகுதிரிகள். கமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவரின் கண்ணில் முதலில் படுவது இவ்வளவும்தான்.

முதலில் படாதது கூத்து.

குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கத்தோலிக்கக் கரையோர ஊர்களின் பெரிய இரவுக் கலை நாட்டுக்கூத்துத்தான். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய காலத்தோடு இங்கே கத்தோலிக்கம் வலுப்பெற்றது. கூத்தின் ஆட்டமும் மெட்டும் ஊருக்குரியவையாகவே இருக்க, அவற்றின் மேல் புனிதர்களின் கதைகள் வந்து ஏறின. எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, மூவிராசாக்கள், தேவசகாயம்பிள்ளை என்று கதைகள் பெருகின. யாழ்ப்பாணத்துக் கடைசி மன்னன் சங்கிலியனும் கூத்தில் வந்து பாடினான். திருவிதாங்கூரில் 1752இல் கொல்லப்பட்ட தேவசகாயம்பிள்ளைக்கு வத்திக்கான் புனிதர் பட்டம் கொடுத்தது 2022 மே 15 அன்று. யாழ்ப்பாணக் கரையோர மக்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவரை மேடையில் ஏற்றி இரவிரவாகக் கண்ணீர் விட்டிருந்தார்கள்.

கூத்து என்றால் ஒரு நாள் வேலை இல்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியைத் திறந்து, ஆளுக்கு ஆள் பாட்டைப் பிரித்துக் கொடுப்பதில் தொடங்கி மாதக்கணக்கில் ஒத்திகை நடக்கும். கடலால் வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஆண்கள் கூடுவார்கள். பெண் வேடத்தையும் அந்நாட்களில் ஆண்களே கட்டினார்கள். ஆர்மோனியம், மத்தளம், சல்லரி ஆகியவற்றின் சத்தம் ஒழுங்கைகளுக்குள் புகுந்து போக, வீட்டுக்குள் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பாட்டு மனப்பாடமாகிவிடும். அரங்கேற்ற நாளில் இரவு பத்து மணியளவில் திரை விலகினால் விடியும்போதுதான் மங்களம். நீளமான நாடகத்தை இரண்டு இரவுகளுக்குப் பிரித்து ஆடியதும் உண்டு. மணியும் கண்ணாடியும் தைத்த உடுப்போடு இராசாவாக வந்து தோள் குலுக்கி ஆடியவர், மறுநாள் அதே தோளில் வலையைச் சுமந்து போவார். கூத்தைப் பார்க்கும் ஊருக்கு இந்த இரண்டு ஆளையும் தெரியும். அவர் பாட்டில் சறுக்கினால் முன்வரிசைக் கிழவர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார்.

இந்தக் கலையின் எழுத்துக்கு நல்ல காலம் வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகமான ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ பிரதியை 1964இலும் ‘மூவிராசாக்கள் நாடகம்’ பிரதியை 1966இலும் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை 1960களில் மேடையேற்றி, படித்தவர்களின் பார்வையைக் கூத்தின் பக்கம் திருப்பியவரும் அவரே. நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், கூத்தையும் திருப்பாடுகளின் நாடகங்களையும் போர்க்காலத்திலும் விடாமல் மேடையேற்றியது. பிரதி அச்சில் இருக்கிறது. மெட்டு ஒலிநாடாவில் ஓரளவு இருக்கிறது. ஆடியவரின் முகமும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரின் முகமும்தான் போதிய அளவு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு முதற் காரணம் வெளிச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த கமராக்கள் கண்ணாடித் தகட்டை நம்பியிருந்தன. அந்தத் தகடுகளுக்கு வெயில் வேண்டும், அசையாத ஆள் வேண்டும். கோட்டை, பனந்தோப்பு, கோயில் கோபுரம் என்று யாழ்ப்பாணத்தின் பகல் பதிவாயிற்று. இரவுக்கு அந்தக் கருவியில் இடமே இருக்கவில்லை. பின்னர் கருவி மாறியது. கொழும்பில் லயனல் வெண்ட் (1900–1944) போன்ற பெருங்கலைஞர் கண்டிய நடனக்காரர்களின் உடலையும் அசைவையும் காதலோடு படமாக்கினார். யாழ்ப்பாணக் கரையோரக் கூத்துக் கமராவின் பார்வையில் அந்த அளவுக்கு விழவில்லை. ஊர் ஸ்ரூடியோக்காரர் வந்து, கூத்துத் தொடங்குமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு குழுப்படம் எடுத்துவிட்டுப் போவார். உடுப்பும் முடியும் அந்தப் படத்தில் அழகாக விழும். ஆட்டத்தின் சுவடு அதில் இராது.

இரவைப் படமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் பிரசாய். ஹங்கேரியத் தந்தைக்கும் ஆர்மேனியத் தாய்க்கும் பிறந்து பாரிஸில் குடியேறிய ஜூலா ஹலாஸ், தான் பிறந்த ஊரான பிரஷோவின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டார். சின்னத் தகட்டுக் கமராவை முக்காலியில் வைத்து, லென்ஸைத் திறந்துவிட்டுச் சிகரெட் பற்றவைப்பார். சிகரெட் எரிந்து முடிவதுதான் அவருக்கு நேரக் கணக்கு. மங்கலான தெருவென்றால் தடித்த சிகரெட்டை எடுப்பார். 1932ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய ‘இரவில் பாரிஸ்’ நூலில் மழையில் நனைந்த கல்வீதியும் தெருவிளக்கும் மதுக்கடை மனிதர்களும் கருமையின் பல படிகளில் தெரிகிறார்கள். இருட்டைப் போக்காமல், அந்த இருட்டையே படத்தின் பொருளாக்கினார். அவருக்குப் பின் இரவுப் படம் எடுத்த எவரும் அந்த நூலைத் தாண்டிப் போனதில்லை.

ஆனால் குருநகருக்கு அவரைவிட நெருக்கமான முன்னோடிகள் வேறு இருவர்.

ஒருவர் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் பீற்றர்சன். 1967இல், ஜேர்மனியின் துறைமுக நகரமான ஹம்பேர்க்கில், இரவு முழுதும் திறந்திருக்கும் கபே லெமிற்ஸ் என்ற மலிவான மதுக்கடைக்குள் போனார். கப்பல்காரர், பாலியல் தொழிலாளர், வேலையிழந்தவர், வீடில்லாதவர் எல்லோரும் கூடும் இடம் அது. மேசைமேல் வைத்த அவருடைய கமராவை அங்கிருந்தவர்கள் எடுத்து ஒருவரையொருவர் படம் எடுத்து விளையாடினார்கள். என்னையும் எடுங்கள், அது என்னுடைய கமராதான் என்றார் அவர். அப்படித் தொடங்கிய பழக்கம் சுமார் மூன்று ஆண்டுகள் நீடித்தது. 1970இல் அதே கடையின் சுவரில், மதுமேடைக்கு மேலே, ஏறத்தாழ 350 படங்களைத் தொங்கவிட்டார். படத்தில் தன்னைக் கண்டவர் அதைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது நிபந்தனை. நூலாக அவை வெளிவந்தது 1978இல்தான். முதற் பார்வையாளர்கள் படத்தில் இருந்தவர்களே.

மற்றவர் ஜப்பானியரான வத்தனாபே கட்சுமி. 1960களிலும் 70களிலும் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள கபுகிச்சோவில் ஒவ்வோர் இரவும் கமராவோடு சுற்றினார். சண்டியர்கள், இரவு விடுதிப் பெண்கள், பெண் வேடமிட்ட ஆண்கள், காவலாளிகள் என்று தெருவில் நின்ற எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள். கேட்டால் படம் எடுப்பார், மறுநாள் இரவு கழுவிக் கொண்டுவந்து மூன்று பிரதி 200 யென்னுக்குக் கொடுப்பார். அதுதான் அவருக்குச் சோறு. படத்தில் நிற்பவர் தானே விரும்பி, தானே காசு கொடுத்து, தன்னிடமிருந்த மிகச் சிறந்த உடுப்போடு நிமிர்ந்து நிற்கிறார். அந்த நிமிர்வு, ஒளிந்திருந்து எடுத்த எந்தப் படத்திலும் கிடைக்காது.

மும்பையில் இப்படி நெருங்கிப் படமெடுப்பதன் கடினமான பக்கத்தைக் கண்டவர் மேரி எலன் மார்க். ஃபோக்லண்ட் வீதியின் பாலியல் தொழிலாளிகளைப் படமெடுக்க 1968 முதல் முயன்றபோதெல்லாம் அவர்மேல் குப்பையும் வசவும் விழுந்தன. பத்தாண்டு கழித்து, 1978இல் திரும்பி வந்து நாள்தோறும் அதே தெருவில் போய் நின்றார். மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன. 1981இல் வெளிவந்த நூல் இன்றும் விவாதிக்கப்படுகிறது. அந்தப் பெண்களின் வாழ்க்கையை உலகம் பார்த்தது. அந்தப் படங்களால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

குருநகரில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வரும். இங்குள்ள பல வீடுகளில் முன்னறைச் சுவரில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு முகம் தொங்கும். 1986 யூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட குருநகர் மீனவர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பரில் யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. கையில் எடுத்தது உடுப்பு மூட்டையும் பாத்திரமும்தான், அல்பம் வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை, அல்பம் எங்கே இருக்கும்? இறந்தவரின் நினைவுக்கு ஒரு முகம் தேடி, அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெருப்பித்தவர்கள் உண்டு. யாரோ ஒருவரின் கலியாணக் குழுப்படத்தில் மூலையில் நின்ற முகத்தை வெட்டிச் சட்டம் போட்டவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒரு படத்தைப் பிரதி எடுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது உபசாரம் அல்ல, அது அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது. ‘படம் எடுத்தால் எங்களுக்கும் ஒண்டு தாங்கோ’ என்று இங்கே அடிக்கடி கேட்பார்கள். அதைச் சும்மா சொன்ன சொல்லாக எடுக்கக்கூடாது.

கலைப் படைப்புகளுக்கும் இதே கதிதான். இந்த மண் தந்த ஓவியர் அ. மாற்கு கோட்டிலும் வண்ணத்திலும் புதிய வழி தேடியவர். யாழ்ப்பாணத்து இளம் ஓவியர் பலருக்கு ஆசான். அவருடைய ஓவியங்களில் பெரும் பங்கு போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தது. 1987இல் வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற சிறப்பு நூல் இருப்பதால்தான் சிலவற்றின் உருவமாவது மிஞ்சியிருக்கிறது. ‘அலை’ இதழை நடத்திய அ. யேசுராசாவும் குருநகர்க்காரர்தான். கவிதையோடும் கதையோடும் நிற்காமல் நல்ல திரைப்படங்களை யாழ்ப்பாணத்தவர்கள் கூடியிருந்து பார்க்கவும் பேசவும் வைத்தவர். பார்க்கத் தெரிந்த மரபு ஊருக்குள் இருக்கிறது. அதற்குக் கமராவும் காலமும் சேர்ந்து வாய்க்கவில்லை, அவ்வளவே.

காலம் எப்படி வாய்த்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் மின்கலங்களுக்கும் தடை. ஜாம் போத்தலில் பஞ்சும் சில துளி எண்ணெயும் விட்டு எரித்த விளக்குத்தான் படிக்கவும் சமைக்கவும் பிரசவம் பார்க்கவும். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தப் பிலிம் எதைப் பிடிக்கும்? 1996க்குப் பிறகு இராணுவக் கட்டுப்பாடும் ஊரடங்கும். இரவுக் கடலுக்குத் தடையும் பாஸ் முறையும் பல ஆண்டுகள் இருந்தன. இரவில் கடலுக்குப் போகும் ஊருக்கு இரவையே மூடிவிட்டார்கள். கூத்துக்கும் அதோடு மூச்சு முட்டியது. 2009க்குப் பின் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தபோது, விடிய விடிய ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கி மண்டபத்துக்குள் போயிருந்தது. முழு இரவுக்கும் ஆடக்கூடிய உடலும், முழுக் கொப்பியும் மனத்தில் இருக்கிறவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

இனிக் கருவிக்கு வருவோம். இன்றைய கமரா பிரசாயின் கமராவைப் போல் வெளிச்சத்துக்காகத் தவம் கிடக்க வேண்டியதில்லை. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, ஒளியுணர்வை 3200 அல்லது 6400க்கு உயர்த்தக்கூடிய சாதாரண கமரா ஒன்று இருந்தால் இறங்குதுறையின் மின்குமிழ் வெளிச்சமே போதும். நல்ல கைத்தொலைபேசியும் பிழையில்லாமல் எடுக்கும். இங்கே சிக்கல் வெளிச்சம் குறைவு என்பதைவிட, வெளிச்சம் ஏறுக்குமாறாக விழுவதுதான். தலைக்கு மேல் ஒரு வெள்ளை எல்.இ.டி. குமிழ், சுற்றிலும் காரிருள். குமிழுக்குக் கீழே நிற்பவரின் கண்கள் குழிக்குள் போய்விடும். தானியங்கி முறையில் விட்டால் கமரா இருட்டையெல்லாம் சாம்பலாக்கி, முகத்தை வெளிறடிக்கும். ஆகவே முகத்துக்கு அளவு பார்த்து, பின்னணியைக் கறுப்பாகவே விட வேண்டும். மீன் செதில் அந்தக் கறுப்பில்தான் மின்னும்.

ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. விடியப்புறம் கத்தியால் மீன் வெட்டுகிறவரின் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் விரல் போகும். கூத்து மேடையில் அடித்தால் ஆட்டக்காரரின் அடி தவறும். கூத்தைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பமும் உண்டு. ஆட்டம் முழுவதையும் 1/250 நொடியில் உறையவைத்தால் காலைத் தூக்கிய சிலைகள்தான் கிடைக்கும். 1/15 அல்லது 1/8 நொடிக்கு இறங்கி, ஆட்டக்காரர் ஒரு கணம் நிலைக்கு வரும் தாளத்தில் அழுத்தினால் முகம் தெளிவாகவும் கையும் உடுப்பின் மணிகளும் வெளிச்சக் கோடுகளாகவும் விழும். அதற்கு மத்தள அடி காதில் ஏறியிருக்க வேண்டும். ஒத்திகைக்குப் போகாமல் அரங்கேற்றத்துக்கு மட்டும் வருகிற படப்பிடிப்பாளருக்கு அந்தத் தாளம் பிடிபடாது. மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. பாயில் சுருண்டு தூங்கும் பிள்ளைகள், திரைக்குப் பின்னால் முகத்துக்கு மா பூசும் கை, கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வரி தேடும் அண்ணாவியார், தேத்தண்ணிக் கேத்தலோடு நடக்கும் இளந்தாரி. கூத்து அங்கேயெல்லாம் நடக்கிறது.

உப்புக் காற்று லென்ஸில் மணிக்கணக்கில் படியும். மெல்லிய துணியும் ஒரு பொலித்தீன் பையும் கூடவே இருக்க வேண்டும்.

இறங்குதுறையில் முன்பின் தெரியாதவர் கமராவை நீட்டினால் ‘ஆர், எங்கையிருந்து’ என்ற கேள்வி வரும். வருவது நியாயம். இந்த ஊரில் கமரா என்பது பல காலம் புலனாய்வுக்காரரின் பொருளாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அடிமடி இழுவை மீன்பிடியை இலங்கை நாடாளுமன்றம் 2017இல் சட்டத்தால் தடை செய்தது. இந்திய இழுவைப் படகுகளால் வடக்கு மீனவர்கள் படும் பாடு ஒரு புறம், குருநகரிலேயே இழுவைத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்கள் மறுபுறம். இந்தச் சூழலில் ஒரு படகின் இலக்கமும் ஓட்டியின் முகமும் ஒன்றாகத் தெரியும் படத்தை யோசியாமல் முகநூலில் போட்டால் ஒருவரின் பிழைப்பில் கைவைத்ததாகிவிடும். மது வெறியில் நிற்கிறவர், குளிக்கிற பிள்ளை, அழுகிற தாய் ஆகியோரைக் கேட்காமல் எடுப்பதும் அப்படித்தான். முதல் சில இரவுகள் கமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தேநீர்க் கடையில் இருந்து பேசுகிறவர்களுக்கு ஊர் தானாகவே படத்துக்கு வரும். ஒடியற்கூழுக்குக் கூப்பிடும் வீட்டில் மறுக்காமல் இருந்து குடித்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

ஊர்த் திருநாட்கள் இதற்கு நல்ல வாசல். புனித யாகப்பர் திருநாளான யூலை 25ஐ ஒட்டிய மாலைகளில், சுருவத்தைச் சுமந்து போகும் பவனியின்போது எல்லோரும் நல்ல உடுப்போடு, படத்துக்கு நிற்கும் மனத்தோடு வீதியில் இருப்பார்கள். தவக்காலத்து இரவுகள் வேறு மாதிரி. வீடுகளிலும் ஆலயத்திலும் திருப்பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும் குரல்கள், அடங்கிய வெளிச்சம், கறுப்பும் ஊதாவும். பெரிய வெள்ளியன்று கமராவைக் கீழே வைத்துவிட வேண்டிய நேரங்களும் வரும். நத்தார்க் காலத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இளைஞர்கள் கட்டும் பாலன் குடில்கள் ஊரின் இன்னொரு கலை. மூங்கில், சாக்கு, வண்ணத்தாள், கழித்த வலை என்று கையில் கிடைத்ததைக் கொண்டு இரவிரவாக எழுப்புவார்கள். முடிந்த குடிலைவிட அது எழும்புகிற இரவுகள்தான் படத்துக்குரியவை.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஒரு கோணத்தை எவரும் இன்னும் குருநகரில் போதிய அளவு முயலவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளைக் கடலில் திமிலோடு நிற்கும் பரதவர் எண்ணிப் பார்க்கிறார்கள். கரையில் நின்று கடலைப் பார்க்கிறவர்களே படம் எடுப்பதால் வள்ளங்களே நமக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. வள்ளத்தில் இருந்து திரும்பிப் பார்த்தால் தொடர்மாடியின் சன்னல் வெளிச்சங்கள், யாகப்பர் ஆலயத்தின் உச்சி, இறங்குதுறைக் குமிழ்கள், பண்ணைப் பாலத்தில் ஊர்ந்துபோகும் வாகன விளக்குகள் எல்லாம் ஒரே வரியில் நிற்கும். தொழிலாளிக்குத் தன் ஊர் தெரிவது அப்படித்தான். அந்தப் படத்தை எடுக்கச் சரியான ஆள் வெளியூர்ப் படப்பிடிப்பாளர் அல்ல. வள்ளத்தில் ஏற்கெனவே கைத்தொலைபேசியோடு இருக்கிற இளைஞன்தான்.

எடுத்த படங்கள் எங்கே போக வேண்டும்? கொழும்பிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் கண்காட்சிகள் நல்லவைதான். ஆனால் பீற்றர்சன் செய்ததுபோல முதற் கண்காட்சி குருநகரின் சுவரிலேயே நடக்க வேண்டும். வலைத்துணியில் கொழுவித் தொங்கவிட்டால் போதும். தன்னைக் கண்டவர் கழற்றிக்கொண்டு போகட்டும். மின்பிரதிகளுக்கு இடம் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கியதோடு நிற்காமல், ஒலியையும் படங்களையும் சேர்க்கும் ‘ஆவணகம்’ என்ற தளத்தையும் நடத்துகிறது. குருநகர்ப் படங்கள் அங்கே சேர்ந்தால் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் குருநகர்க்காரரும் பார்ப்பார்கள், பெயர் தெரியாத முகத்துக்குப் பெயர் சொல்வார்கள்.

புதிய படங்கள் எடுப்பதோடு பழையவற்றைத் தேடுவதும் சேர வேண்டும். இடப்பெயர்வில் தப்பிய கூத்துக் குழுப்படங்கள் சில வீடுகளில் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அந்நாட்களில் அனுப்பிய பிரதிகள் அங்கே நல்ல நிலையில் இருக்கின்றன. படத்தை மட்டும் பிரதி எடுத்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடியும். எந்தக் கூத்து, எந்த ஆண்டு, எந்த ஆலய முற்றம், அண்ணாவியார் யார், இடமிருந்து நிற்பவர்கள் யார் யார், பெண் வேடம் கட்டியவர் யார், படம் எந்த வீட்டு அல்பத்தில் இருந்தது என்பவற்றைக் கேட்டுப் பெயரோடு எழுத வேண்டும். 1960களில் இளந்தாரியாக மேடையேறியவருக்கு இப்போது எண்பது வயது. ஆலய மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு கொப்பி, எழுதப் பொறுமையுள்ள இரண்டு மாணவர்கள் இருந்தால் அடுத்த திருநாளுக்கு முன்பே தொடங்கலாம். ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைவதற்கு முன் ஓர் அறிவித்தல் கொடுத்தால், அன்று பின்னேரமே அல்பங்கள் வரத் தொடங்கும்.